மேல் வீட்டுச் சத்தம்

கட்டிலில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும், கண்ணாடி அளக்கும் நீள அளவுகோலை எடுத்து, அதன் பித்தளை முனையால் மேல்தளத்தை ஓங்கி இடித்த பிறகுதான் கண்ணாடிக்காரர் தன் மதியத் தூக்கத்தை முடித்துக்கொள்வார். தூக்கம் என்று அதைச் சொல்வதே பெருந்தன்மை. கண் சொக்கி, உடம்பு தளர்ந்து, தலையணையில் தலை அழுந்துகிற நேரமாகப் பார்த்து 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்கும். தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிடுவார். நெஞ்சு படபடவென்று அடிக்கும். முகமெல்லாம் வேர்த்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ இருக்கும் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்பார் அந்த அம்மா, கைவேலையை விடாமல்.

"கட்டில்தானே? இரும்புக் கட்டில்?"

"ஆமாங்க. கட்டிலத்தான் தூக்கிப் போட்டிருக்காங்க."

அதற்குப் பிறகுதான் அளவுகோல். இடித்து இடித்து மேல்தளத்தில் ஒரு தட்டு அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து கிடக்கிறது. பெயர்ந்த தூள் அவர் தலையிலேயே கொட்டும். அதற்கும் மேல் வீட்டுக்காரர்களுக்குத்தான் திட்டு விழும். தலையைத் தட்டிக்கொண்டே வாசல்வரை போய், மாடிப்படியைப் பார்த்து, "ஏம்மா மேல் வீடு! மனுஷன் குடியிருக்கிற இடமா, குடோனா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு வந்தால்தான் அவருக்கு மனம் ஆறும்.

அவருடைய கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கதவுக்கும் ஜன்னலுக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பது, அலமாரிக்கு முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்துவது, கட்டட வேலைக்காரர்கள் கேட்கிற அளவில் பலகை பலகையாக நறுக்கி அடுக்குவது, இதுதான் தொழில். அவர்கள் வேலைக்குப் போகிற வழியில் எடுத்துக்கொண்டு போவார்கள் என்பதால் பொழுது விடிவதற்கு முன்பே கடை திறந்தாக வேண்டும். உச்சி வெயிலில் அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பார், சாயங்காலம் மறுபடி போவார். விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கமாட்டார். நாள் முழுக்கக் கண்ணாடியோடு புழங்குகிற மனிதர், டீக்கடையில் கண்ணாடி டம்ளரை மட்டும் தொடமாட்டார். எவர்சில்வர் டம்ளர்தான் வேண்டும். கேட்டால், "பகல் பூரா அதோட மல்லுக்கட்டுறேன், வாயிலயும் வெச்சுக்கணுமா?" என்பார்.

அவருக்குப் பாம்புக்காது என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. சரக்கு கொண்டுவரும் வண்டி ஓட்டுநர் வைத்தது. லாரியிலிருந்து கண்ணாடியை இறக்கி மரச்சட்டத்தில் சாய்க்கும் சத்தத்தை வைத்தே, உள்பக்கம் திரும்பி நின்றபடி, "நடுவுல இருக்கிற ஒண்ணு ஓரத்துல தெறிச்சிருக்கு, எடுத்து வண்டியிலயே போடு" என்று சொல்லிவிடுவார். எடுத்துப் பார்த்தால் மயிரிழை அளவுக்கு விரிசல் இருக்கும். ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டு திருப்பி ஏற்றுவார். அதில் கண்ணாடிக்காரருக்கு இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "கண்ணு ஏமாத்தும். கண்ணாடி விக்கிறவன் சொல்றேன், கேட்டுக்கோ. கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தாது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்பேர்ப்பட்ட காதுக்கு மேல் வீட்டில் விழுவது என்ன பொருள் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? ஒருநாள் கட்டில். ஒருநாள் பீரோ. "கதவு திறந்து கிடந்த பீரோ, மூடின பீரோ இல்ல" என்று கூடுதல் விவரமும் வரும். சில நாள் துப்பாக்கி வெடித்தது போலக் கேட்கும். அதைக் குக்கர் மூடி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அபூர்வமாகச் சத்தத்தோடு சேர்ந்து மூடிய கண்ணுக்குள் ஒரு வெளிச்சமும் பளிச்சென்று அடிக்கும். "பார்த்தியா, கண்ணாடியத் திருப்பி வெயில நம்ம ஜன்னலுக்குள்ள அடிக்கிறாங்க" என்றார். ஜன்னல் மூடியிருந்தது. மனைவி அதற்கும் ஆமாம் போட்டார். ஒருமுறை உறவினர் வீட்டுக்குப் போன இடத்திலும் படுத்த கொஞ்ச நேரத்தில் அதே சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்கும் மேலே ஒரு வீடு இருந்தது அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. கண்ணாடிக்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம் உண்டு. அவருடைய அண்ணன் அச்சகத்தில் வேலை பார்த்தவர், தங்கமான மனிதர். ஒருநாள் சமையலறைக் குழாய் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னார். வீட்டில் சிரித்தார்கள். அடுத்து சுவர் கூப்பிட்டது, மின்விசிறி திட்டியது. கடைசியில் அவரை ஒரு மனநல விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். கண்ணாடிக்காரர் மாதாமாதம் பழம் வாங்கிக்கொண்டு போவார். சாகும்வரை அண்ணனுக்குத் தம்பியை அடையாளம் தெரியவில்லை. ஆனால் தம்பிக்குப் பின்னால் நின்ற யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு வந்தது நமக்கும் வந்துவிடுமோ என்ற கலக்கம் அன்று நெஞ்சில் புகுந்தது, இன்றுவரை போகவில்லை. அதனால்தான் கண் திறந்ததும் திறக்காததுமாக மனைவியிடம் அந்தக் கேள்வி. தனக்குக் கேட்டது அவளுக்கும் கேட்டிருந்தால் பிழைத்தோம். அவள் 'கேட்டுச்சு' என்று சொல்லி முடிக்கும்வரை அவர் மூச்சு விடமாட்டார்.

மேல் வீட்டில் ஒரு தையல்காரம்மாவும் அவர் கணவரும் குடியிருக்கிறார்கள். கணவர் முன்பு பஸ் ஓட்டியவராம், விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோய்ப் படுக்கையோடு இருக்கிறாராம். இந்த 'ஆம்' எல்லாம் கண்ணாடிக்காரர் கேள்விப்பட்டதுதான். குடி வந்த அன்று நாற்காலியில் வைத்து மேலே தூக்கிக்கொண்டு போன அந்த மனிதர் அதன் பிறகு கீழே இறங்கவில்லை, இவர் மேலே ஏறவில்லை. சண்டையெல்லாம் படிக்கட்டில்தான். ஆரம்பத்தில் தையல்காரம்மா பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"அண்ணே, சத்தியமா நாங்க எதையும் போடல. எங்க வீட்ல இரும்புக் கட்டிலே கிடையாது."

"அப்ப மரக்கட்டிலா? இரும்புக்கும் மரத்துக்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியாதா? யாருக்கிட்ட?"

தையல் மிஷின்தான் காரணம் என்று ஒரு வருஷம் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா மிஷினை வீட்டிலிருந்து எடுத்து, கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மூலையில் போட்டுக்கொண்டு பிழைப்பை அங்கே மாற்றிக்கொண்டார். சத்தம் நிற்கவில்லை. "மிஷின் போயும் திமிர் போகல பாரு" என்றார் இவர். அதன் பிறகு தையல்காரம்மா பேசுவதையே விட்டுவிட்டார். படியேறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவார். அதையும் இவர் விடவில்லை. "தப்பு பண்ணாதவங்க எதுக்குச் செருப்பக் கையில எடுத்துக்கிட்டுத் திருட்டு நடை நடக்கணும்?" என்று கேட்டார். மனைவி மட்டும் அன்று ஆமாம் போடாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் வீட்டு ஓனர் ஒருநாள் குறுக்கே வந்தார். கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "மேல் வீட்டு ஜன்னல் கண்ணாடி எப்பவோ விரிஞ்சு போயிருக்கு. அந்த அம்மா காகிதத்த ஒட்டி ஒட்டி வெச்சிருக்கு. மாத்தினா தட்டுற சத்தம் கேட்குமாம், வேணாங்குது. நீங்களே போய்ச் சத்தமில்லாம மாட்டிக் கொடுத்துடுங்க. நீங்க கீழ இல்லாதப்போ செஞ்சா உங்களுக்கும் தொந்தரவு இல்ல பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். கண்ணாடிக்காரருக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதாகத்தான் பட்டது. எதிராளியின் வீட்டுக்குள் போய் அந்தக் கட்டிலைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம். மனைவியிடம் சொன்னால் வேண்டாம் என்று தடுப்பாள். மேலே போகிறேன் என்று எப்போது கிளம்பினாலும் அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். அதனால் வெளியே ஒரு வேலை, சாப்பாட்டுக்கு நேரமாகும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

"தட்டாம உள்ள போங்க, கதவு சும்மாதான் சாத்தியிருக்கும். தட்டுற சத்தம் கேட்டா அந்த மனுஷருக்குத் தூக்கிப்போடும்" என்று ஓனர் சொல்லியிருந்தார். ஏன் என்று கண்ணாடிக்காரர் கேட்கவில்லை.

கதவைத் தள்ளினார். அது சத்தமே இல்லாமல் திறந்தது. கதவின் விளிம்பு முழுக்கத் துணிப்பட்டை ஒட்டியிருந்தது. உள்ளே ஒரே அறை, ஓரத்தில் சமையல் மேடை. இரும்புக் கட்டிலைத் தேடினார். இல்லை. தரையோடு தரையாக ஒரு பலகை, அதன்மேல் மெத்தை, மெத்தையில் நரைத்த தாடியோடு ஒரு மனிதர். பீரோவைத் தேடினார். அதுவும் இல்லை. துணிமணிகளெல்லாம் மூட்டையாகச் சுவரில் தொங்கின. இருந்த இரண்டு நாற்காலிகளின் கால்களுக்கும் பஞ்சு வைத்துத் தைத்த உறை. அலமாரியில் ஒவ்வொரு பாத்திரத்துக்கு அடியிலும் மடித்த துண்டு. படுக்கைக்குப் பக்கத்தில் நின்ற வாக்கரின் கால்களுக்குக் குழந்தைகளுக்குப் போடும் சாக்ஸ் போல நாலு துணிப்பை, நெருக்கமான தையலில். கண்ணாடிக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். இவ்வளவு துணியைத் தாண்டி எப்படி அவ்வளவு சத்தம் வரும் என்று அவருக்கு விளங்கவில்லை.

"வாங்க தம்பி, ஓனர் சொன்னாரு" என்றார் படுத்திருந்தவர், கிசுகிசுப்பான குரலில். விரலால் தரையைக் காட்டினார். "கொஞ்சம் மெதுவா செய்யுங்க. கீழ ஒருத்தர் தூங்குற நேரம்."

அந்த ஒருத்தர் தான்தான் என்று கண்ணாடிக்காரர் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் சரி. பழைய கண்ணாடியைத் துண்டு துண்டாகக் கையாலேயே நோண்டி எடுத்தார். சுத்தியலைப் பையிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சும்மா பேச்சுக்குக் கேட்பவர் போல, "நீங்கதான் மேல இருந்து எதையோ போடுறதா கேள்விப்பட்டேன்" என்றார்.

"என்னத்தப் போடுறது தம்பி? அவ வேலை முடிஞ்சு வந்தப்புறம்தான் நான் புரண்டே படுக்கிறேன்." சத்தமில்லாமல் சிரித்தார். "அந்த மனுஷன் மேல எனக்கு வருத்தம் இல்ல. என் வீட்டுக்காரி திட்டுவா. நான் சொல்வேன், உள்ளுக்குள்ள ஏதோ கஷ்டம் இருக்கும் அவருக்கு, இல்லன்னா சும்மா ஒருத்தன் தினமும் எழுந்து இடிப்பானான்னு. பாவம்."

புதுக் கண்ணாடியைச் சட்டத்தில் உட்காரவைத்து விளிம்பெல்லாம் பசை பூசி முடித்தபோது கண்ணாடிக்காரருக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. பெரியவர் தலைமாட்டில் இருந்த தண்ணீர் ஜாடியைக் காட்டினார். ஜாடி நிரம்பியிருந்தது. டம்ளர் காய்ந்து கிடந்தது.

"குடிங்க தம்பி."

"உங்களுக்கு?"

"மத்தியானத்துல நான் குடிக்கிறதில்லைங்க. குடிச்சா அப்புறம் எழுந்து போகணும். உறை போட்டாலும் வாக்கர் கொஞ்சம் டொக்கு டொக்குன்னுதான் சொல்லுது. கீழ உடனே இடிச்சிடுறாரு. எதுக்கு வம்பு? நாக்கு வறண்டா கொஞ்சம் நனைச்சுக்குவேன், அவ்வளவுதான்."

கண்ணாடிக்காரர் தண்ணீரைக் குடிக்கவில்லை. பசை இறுகும்வரை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். மனம் என்னவோ செய்தது. ஆனால் விடியலுக்கு முன் எழுந்த உடம்பு. வழக்கமாகப் படுக்கிற நேரமும் அதுதான். கண் தானாகச் சொக்கியது. தலை மெல்லச் சுவரில் சாய்ந்தது.

அப்போது விழுந்தது இரும்புக் கட்டில்.

அந்த அறைக்குள்ளேயே விழுந்தது. அவர் காதுக்குப் பக்கத்திலேயே, யாரோ இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கித் தரையில் ஓங்கி அறைந்த மாதிரி விழுந்தது. அலறிக்கொண்டு எழுந்து நின்றார். அறையில் எதுவும் அசையவில்லை. நாற்காலிகள் துணிக்கால்களோடு அப்படியே நின்றன. புதுக் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. மெத்தையில் பெரியவர் முழங்கையை ஊன்றிக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி? என்ன ஆச்சு?"

"விழுந்துச்சே... இப்ப... உங்களுக்குக் கேட்கலயா?"

"ஒண்ணும் விழலையே. நீங்கதான் கத்துனீங்க."

எப்படிக் கீழே இறங்கினார் என்று அவருக்கு நினைவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பெரியவருக்குக் காது மந்தமாக இருக்கலாம். ஆமாம், வயதானவர், இருக்கும். அவள் சொல்லட்டும். அவளுக்குக் கேட்டிருந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம். அண்ணனின் முகம் கண்முன்னால் வந்து வந்து போயிற்று.

மனைவி தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கணவர் வேர்த்து விறுவிறுத்துப் போய் வாசலில் நிற்பதைப் பார்த்ததும், தெருவிலிருந்து வருகிறார் என்றே நினைத்தார்.

"இப்ப ஒரு சத்தம்... கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நல்லாக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு. மேலதான். வழக்கம்போல கட்டிலத் தூக்கிப் போட்டாங்க. நீங்க வந்து உட்காருங்க, எதுக்கு இப்படி வேர்க்குது?"

வந்த உயிர் அங்கேயே நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தார்.

"நான் மேலதான்மா இருந்தேன்."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அங்க கட்டிலே இல்ல" என்றார். அவருடைய குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "அங்க எதுவுமே இல்ல. எதுவும் விழல. உனக்கு என்னத்த கேட்டுச்சு?"

அந்த அம்மா வெங்காயத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகைக்கு நடுவே விட்டுவிட்டுத்தான் பேச்சு வந்தது. "முதல் தடவை நீங்க எழுந்து உட்கார்ந்தப்போ உங்க முகத்துல உங்க அண்ணன் முகம் தெரிஞ்சுது. கேட்டுச்சான்னு கேட்டீங்க. இல்லன்னு சொன்னா நீங்க அன்னைக்கே உடைஞ்சு போயிருப்பீங்க. எனக்கு வாய் வரல. கேட்டுச்சுன்னுட்டேன்."

"மேலன்னு எதுக்குச் சொன்ன?"

"அப்ப மேல யாரும் குடியில்லயே. பூட்டித்தானே கிடந்துச்சு. எலி எதையாவது தள்ளியிருக்கும்னு சொன்னேன், யாருக்கும் கெடுதல் இல்லன்னு. அப்புறம் இவங்க குடி வந்தாங்க. அன்னைக்குச் சொன்னத எப்படி மாத்துறது?"

"ஒருநாளாவது உனக்குக் கேட்டிருக்கா?"

இல்லை என்று தலையசைத்தார். கண்ணாடிக்காரர் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் காதுகளின்மேல் வைத்துக்கொண்டார். எதற்காக வைத்தார் என்று அவருக்கே தெரியாது. "அப்ப நான் அண்ணன் மாதிரிதானா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். அன்று சாயங்காலம் கடை திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் எந்தக் கண்ணாடி உண்மையிலேயே நல்லது, எது விரிசல் விட்டது என்று தன்னால் சொல்ல முடிந்ததா என்பதுகூட அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

மறுநாள் காலையில் மனைவி அவரைக் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். தூக்குமேடைக்குப் போகிறவர் போலத்தான் போனார் மனிதர். டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். வலிக்குமா? வலிக்காது. சத்தம் எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரே போடு, அவ்வளவுதான். யாராவது பேசுகிற குரல் கேட்குமா, கூப்பிடுவார்களா? இல்லவே இல்லை. முழித்திருக்கும்போது எப்போதாவது? ஒருநாளும் இல்லை. தூங்குகிற நேரத்தில் மட்டும்தானே? ஆமாம்.

"இது பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூக்கத்துக்குள்ள நுழையிற நேரத்துல சிலருக்கு மூளை இப்படி ஒரு சத்தம் எழுப்பும். வெளியில எதுவும் இருக்காது. நிறைய பேருக்கு இருக்கு, வெளிய சொல்ல மாட்டாங்க. இதுக்குன்னு ஒரு பேரே இருக்கு. உடம்பை எதுவும் செய்யாது. தூக்கம் குறைஞ்சா, மனசுல பாரம் இருந்தா அதிகமா வரும். பயப்படுறத விடுங்க, பாதி போயிடும்."

"இவங்க அண்ணனுக்குக் குரலெல்லாம் கேட்டுச்சே..." என்று மனைவி ஆரம்பித்தார்.

"அது வேற. இது வேற" என்றார் டாக்டரம்மா.

கண்ணாடிக்காரர் தலையை நிமிர்த்தினார். "இத நான் முன்னாடியே வந்து கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்களா?"

"கண்டிப்பா. இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?"

தெருவுக்கு வந்த பிறகும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. வரவேண்டிய இடம்தான். வாழ்நாள் முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்த பூதம் எழுந்து போன நாள் அது. ஆனால் அது காலி செய்த இடத்தில் நாக்கு வறண்ட ஒரு மனிதர் படுத்திருந்தார். ஒரு சின்ன முகக்கண்ணாடி வெட்டுகிற நேரம்கூட ஆகவில்லை டாக்டர் சொல்லி முடிக்க. இதற்கா இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

"என்னக் காப்பாத்துறேன்னு அவங்கள பலி கொடுத்துட்டியேம்மா" என்றார் மனைவியிடம்.

"பொய் சொன்னது நான்தான். இல்லங்கல" என்றார் மனைவி. அழுது முடித்துவிட்டிருந்தார். "இடிச்சது நான் இல்லங்க."

வீடு வந்ததும் உள்ளே நுழையாமல் நேரே மாடிப்படி ஏறினார். மனைவி பாதிப் படியில் நின்றுவிட்டார், அதற்குமேல் அவருக்குக் கால் எழவில்லை.

அன்று தையல்காரம்மாவுக்கு விடுமுறை. துணிக்கடை மூடியிருந்தது. கதவில் கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் முகம் இறுகிப்போய்விட்டது. "இன்னைக்கு என்ன? கட்டிலா, பீரோவா?" என்றார், பழக்கத்தில் தணிந்த குரலிலேயே.

"தங்கச்சி..."

"யாரு தங்கச்சி? நேத்துவரைக்கும் ஏம்மா மேல் வீடுதானே என் பேரு?"

மெத்தையில் இருந்த பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "நேத்து கண்ணாடி போட்ட தம்பிதானே?" என்றவர், மனைவியின் முகத்தைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார். "கீழ் வீட்டுக்காரர் நீங்கதானா?"

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே சொன்னார். சத்தம் தன் தலைக்குள்தான் வருகிறதாம். டாக்டர் சொல்லிவிட்டார்களாம். வெளியில் எதுவும் விழவில்லையாம், ஒருநாளும் விழவில்லையாம். "உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. எல்லாம் என் தப்பு. மன்னிச்சுடுங்க" என்று முடித்தார்.

தையல்காரம்மாவுக்கு முதலில் அது மண்டையில் ஏறவில்லை. கணவரைப் பார்த்தார், நாற்காலிக் கால்களைப் பார்த்தார். பிறகுதான் வாய் திறந்தது. "உங்க தலைக்குள்ள சத்தம் வந்ததுக்கா எங்க வீட்டுச் சாமானுக்கெல்லாம் துணி தெச்சுப் போட்டேன்?"

கண்ணாடிக்காரர் வாக்கரின் துணிக்கால்களைப் பார்த்தார்.

"தண்ணி குடிக்காம குடிக்காம இவருக்கு நீர்க்கடுப்பு வந்துச்சு. தெரியுமா உங்களுக்கு? துடியா துடிச்சாரு. அப்பவும் கத்தல. தலையணை உறைய வாயில திணிச்சுக் கடிச்சுக்கிட்டுத் துடிச்சாரு, கீழ கேட்டுடக் கூடாதுன்னு. நான் பார்த்துக்கிட்டு நின்னேன். மன்னிச்சுடணுமா?" அந்தக் கடைசி வார்த்தையில் குரல் உயர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. உயர்ந்த குரலைக் கேட்டு அவரே பதறி வாயைப் பொத்திக்கொண்டார்.

"விடு, விடு" என்றார் பெரியவர்.

கண்ணாடிக்காரர் மெல்ல நடந்து படுக்கைப் பக்கம் போனார். வாக்கரைப் பிடித்து மெதுவாகத் தரையில் சாய்த்துப் படுக்கவைத்தார். அதற்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு காலில் இருந்த துணி உறையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரட்டை நூலில் நெருக்கி நெருக்கிப் போட்ட தையல், ஒருநாளும் கழன்றுவிடக் கூடாது என்று போட்டது. நகத்தால் நெம்பிப் பார்த்தார். தையல்காரம்மா கத்தரிக்கோலை எடுத்து வந்து நீட்டினார். அவர் நிமிரவில்லை. தரையில் தேய்ந்து தேய்ந்து கறுத்துப்போயிருந்த அந்தத் துணியில் வாயை வைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு வாயில் ஒட்டிய பிசிரைத் துடைக்காமல் அடுத்த காலை எட்டிப் பிடித்தார்.